விடுகைப் பத்திரம் கடைசித் தாளாக இருக்கட்டும்: திருகோணமலையில் பிள்ளையை விலக்கி வீட்டில் கற்பிக்க எண்ணும் பெற்றோருக்கு

என் மகளின் விடுகைப் பத்திரத்தில், விலகியதற்கான காரணம் எழுத வேண்டிய சிறிய கட்டத்துக்குள், எழுதுவினைஞர் நீல மையால் "தொடர்ச்சியான வரவின்மை" என்று எழுதித் தந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் ஏழாந்தரத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை இரண்டு மாதம் வீட்டில் மறித்து வைத்துவிட்டு, அதன் பிறகுதான் அதிபரிடம் போனோம். அந்த இரண்டு சொற்களைப் பார்த்த ஒவ்வோர் அலுவலரும் எங்களைப் பிள்ளையின் படிப்பை நிறுத்திய பெற்றோராகவே நடத்தினார்கள். நாங்கள் படிப்பை நிறுத்தவில்லை, இடத்தைத்தான் மாற்றினோம் என்று விளங்கப்படுத்த எட்டு மாதம் சென்றது. செய்த காரியத்தில் பெரிய பிழை இல்லை. செய்த ஒழுங்குதான் தலைகீழாகப் போனது. இந்தக் கட்டுரை அந்த ஒழுங்கைப் பற்றியது.

முதலில் சட்டத்தின் நிலை. 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997 இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், 5 வயது முதல் 14 வயது வரையான பிள்ளைகளின் பாடசாலை வரவைக் கட்டாயமாக்கின. 2016 இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல் மேல் எல்லையை 16 ஆக உயர்த்தியது. பிள்ளை 16 வயதைத் தாண்டிவிட்டால் கட்டாய வரவு பற்றிய சிக்கல் இல்லை. அவர்கள் நேரே பரீட்சை பற்றிய பகுதிக்குப் போகலாம். அதற்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் பெற்றோர் ஒன்றை மனதில் இருத்த வேண்டும். "வீட்டுக் கல்வி" என்ற பெயரில் நிரப்பிக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளக்கூடிய தனிப் படிவம் எதுவும் இங்கே இல்லை. லண்டனில் இருக்கும் மச்சாள் வாட்ஸ்அப்பில் சொல்லும் வழி லண்டனுக்குத்தான் பொருந்தும்: இங்கிலாந்தில் சாதாரணப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு இனி வீட்டிலேயே கற்பிக்கப்போகிறோம் என்று பெற்றோர் எழுத்தில் அறிவித்தால், பாடசாலை பெயரை நீக்கிவிடும். அதே கடிதத்தைத் தமிழில் எழுதி இங்குள்ள அதிபரின் மேசையில் வைத்தால், "எந்தப் பாடசாலைக்கு மாற்றிக்கொண்டு போகிறீர்கள்?" என்ற கேள்விதான் முதலில் வரும். விடுகைப் பத்திரம் இங்கே பெரும்பாலும் ஒரு பாடசாலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கான தாள்.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் வலயக் கல்விப் பணிமனை. திருகோணமலை மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. உங்கள் வீடு எந்த வலயத்தில் இருக்கிறது என்பதைவிட, பிள்ளையின் பெயர் பதிவாகியுள்ள பாடசாலை எந்த வலயத்துக்கு உட்பட்டது என்பதே அனுமதி கேட்டு நீங்கள் எழுதும் கடிதம் போக வேண்டிய முகவரியைத் தீர்மானிக்கும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின்னர் கிண்ணியாவில் குடியிருந்துகொண்டு நகரப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்புவது இலகுவாகிவிட்டது. அத்தகைய குடும்பத்துக்கு வீடு ஒரு வலயத்திலும் பாடசாலை இன்னொரு வலயத்திலும் இருக்கும். தேசிய பாடசாலையானால், அது மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருவதால், அமைச்சுக்கும் ஒரு பிரதி அனுப்புவது நல்லது.

கடிதத்தை வலயக் கல்விப் பணிப்பாளருக்கு முகவரியிட்டு, அதன் மேலே "அதிபர் ஊடாக" என்று எழுதுங்கள். இந்த இரண்டு சொற்களும் வெறும் சம்பிரதாயம் அல்ல. தன்னைத் தாண்டி மேலிடத்துக்குப் போய்விட்டார்கள் என்று அதிபர் மனம் கோணாமல் இருக்கவும், அவருடைய பரிந்துரை கடிதத்திலேயே சேரவும் இது வழிசெய்யும். பிள்ளையின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி முழுமையாக எழுதி, சேர்விலக்கத்தையும் தரத்தையும் குறிப்பிட்டு, விலக்க விரும்பும் காரணத்தை ஒரு பந்தியில் சொல்லி முடியுங்கள். ஆசிரியர் ஒருவரோடு ஏற்பட்ட மனத்தாங்கலையோ வகுப்பறைச் சண்டையையோ அங்கே விரித்து எழுதினால், கடிதம் முறைப்பாடாக மாறி, விசாரணைக் கோப்பு ஒன்றுக்குள் போய்ப் படுத்துவிடும். முறைப்பாடு இருந்தால் அதற்கு வேறு கடிதம் எழுதுங்கள். மீதி இடம் முழுவதையும் படிப்பு எவ்வாறு நடக்கப்போகிறது என்பதற்கே கொடுக்க வேண்டும்: கற்பிப்பவர் யார், அவருடைய தகைமை என்ன, எந்தப் பாடத்திட்டம், எந்தப் பாடங்கள், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், தவணைக்கொரு முறை எப்படி மதிப்பிடுவீர்கள், எந்தப் பொதுப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துகிறீர்கள். "நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வோம்" என்ற வாக்கியத்தைவிட, திங்கள் காலை எட்டு மணிக்குக் கணிதம் என்று காட்டும் ஒரு நேரசூசி அதிக வேலை செய்யும். பிறப்புச் சான்றிதழின் பிரதியையும், இறுதி மூன்று தவணைகளின் தேர்ச்சி அறிக்கைகளையும், காரணம் உடல்நலம் சார்ந்தது என்றால் மருத்துவ அறிக்கையையும் இணைத்து, எழுத்தில் பதில் தரும்படி கேட்டு முடிக்கலாம்.

இரண்டு பிரதிகள் கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாதவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். மங்கிய ஊதா நிறத்தில், பாதி எழுத்து அழிந்திருக்கும் அந்த வட்ட முத்திரைதான் பின்னர் "இவர்கள் சொல்லாமல் நிறுத்தவில்லை" என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி. பதில் வரும்வரை பிள்ளை பாடசாலைக்குப் போக வேண்டும். மனம் வைத்தாயிற்று, இனி எதற்கு அனுப்புவது என்று தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. வரவு இடாப்பில் விழும் ஒவ்வொரு வெற்றுக் கட்டமும் உங்களுக்கு எதிராகவே பேசும். உடல்நலமோ பாதுகாப்போ காரணமாக உண்மையில் அனுப்ப முடியாத நிலை என்றால், அன்றைக்கே அதை எழுத்தில் அதிபருக்குத் தெரிவியுங்கள்.

கிராம உத்தியோகத்தரையும் மறக்க வேண்டாம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் அவரை விதானையார் என்பார்கள். கட்டாய வரவு ஒழுங்குவிதிகள் கிராம மட்டத்தில் பாடசாலை வரவுக் குழுக்களுக்கு இடம் வைத்திருக்கின்றன. பாடசாலை நேரத்தில் பிள்ளை உப்புவெளிக் கடற்கரையில் நிற்பதைக் கண்ட அயலவர் யாரிடமாவது சொன்னால், அந்தச் செய்தி பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் வரை போய்ச் சேர நாளெடுக்காது. முத்திரை குத்திய கடிதத்தின் பிரதியை நீங்களே முந்திக்கொண்டு இவர்கள் இருவரிடமும் கொடுத்துவிட்டால், வீட்டு வாசலுக்கு வருபவர் விசாரிக்க வருபவராக இல்லாமல் பார்த்துவிட்டுப் போக வருபவராக இருப்பார்.

பதிலே வராமலும் போகலாம். அப்போது சண்டைக்குப் போவதில் பயனில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, இன்ன திகதியில் கையளித்த கடிதத்தின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். கிடப்பில் கிடந்த கோப்பு பெரும்பாலும் இந்த விண்ணப்பத்துக்கே அசையும். மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் பெற்று, சட்டத்தரணி ஒருவரிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவிடமோ காட்டிய பின்னரே அடுத்த அடி வைக்க வேண்டும். மறுப்பை மீறி விலக்குவது புத்தியல்ல. வலயத்தின் முறைசாராக் கல்விப் பிரிவு, தேசிய கல்வி நிறுவகத்தின் திறந்த பாடசாலை ஆகியவற்றின் ஊடாக வழியுண்டா என்றும் அதே வேளையில் விசாரிக்கலாம்.

சாதகமான பதில் கையில் இருக்கும்போதுதான் விடுகைப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவணைப் பரீட்சை முடிந்து தேர்ச்சி அறிக்கை கிடைத்த பின்னர் போவது சிறந்தது. நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்து, பாடசாலைக்குச் செலுத்த வேண்டியவை இருந்தால் தீர்த்துவிடுங்கள். காரணம் எழுதும் கட்டத்துக்கு வரும்போது, பணிமனைப் பதிலின் இலக்கத்தையும் திகதியையும் காட்டி, "பெற்றோரின் வேண்டுகோள்" என்றோ அதை ஒத்த வாசகமோ எழுதும்படி பணிவாகக் கேளுங்கள். பெயரின் எழுத்துகள், பிறந்த திகதி, சேர்விலக்கம், இறுதியாகச் சித்தியெய்திய தரம் ஆகியவற்றை அலுவலகத்தை விட்டு வெளியேறுமுன் அங்கேயே நின்று வாசியுங்கள். வீட்டுக்குப் போய்க் கண்டுபிடிக்கும் பிழையைத் திருத்த இரண்டு கிழமை நடக்க வேண்டிவரும்.

பாடநூல்களுக்குத் திண்டாட்டம் இல்லை. இலவசப் பாடநூல் இனிக் கிடைக்காவிட்டாலும், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்மொழிப் பாடநூல்களை இறக்கிக்கொள்ளலாம். பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் உள்ளன.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பாடசாலை ஊடாகவே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், அதை எழுத விரும்பும் பிள்ளையை அதற்கு முன் விலக்குவதை நான் விரும்ப மாட்டேன். க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் பொதுவானவை. தெரிவுப் பாடமாகச் சங்கீதத்தையோ நடனத்தையோ எடுத்தால் செயன்முறைப் பரீட்சையும் உண்டு; வீட்டில் அதற்குக் குரு ஒருவர் தேவை. இங்கே பலர் தவறவிடுவது தேசிய அடையாள அட்டை. 15 வயதானதும் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளின் விண்ணப்பத்தை அதிபர் அனுப்பிவைப்பார், உங்கள் பிள்ளைக்கு அதைச் செய்ய ஆளில்லை. பதினைந்தாவது பிறந்தநாள் கழிந்த கிழமையே கிராம உத்தியோகத்தரிடம் போய்விடுங்கள்.

திரும்பவும் பாடசாலையில் சேர்க்க நேர்ந்தால், நகரில் நெருக்கமான பாடசாலை ஒன்றில் விட்டுவந்த இடம் உங்களுக்காகக் காத்திராது. சிறிய பாடசாலைகளில்தான் இடம் கிடைப்பது சுலபம். அப்போது புதிய அதிபர் விடுகைப் பத்திரத்தோடு கேட்பது இடைப்பட்ட காலத்தில் பிள்ளை என்ன படித்தது என்பதற்கான அத்தாட்சி. நாங்கள் திகதியிட்ட அப்பியாசக் கொப்பிகளைப் பாடவாரியாகக் கட்டி, தவணைக்கொன்றாக நாங்களே வைத்த பரீட்சை விடைத்தாள்களோடு அட்டைப் பெட்டி ஒன்றில் போட்டு வைத்திருந்தோம். அதிபர் கணிதக் கொப்பியை மட்டும் எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, மகளைக் கூப்பிட்டு அதே கணக்கைக் கரும்பலகையில் செய்யச் சொன்னார்.