எரிமலை காப்பர் சல்பேட்டுக்கு ஸ்ட்ரக்சர் எடுக்குறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்ட்ரக்சர் எடுக்குறதுன்னா ஒரு படிகத்துல எக்ஸ்ரே விட்டு, உள்ள அணுக்கள் எப்படி அடுக்கியிருக்குன்னு கண்டுபிடிக்கிறது. இதுல புதுசா லேப்புக்கு வர்ற ஒவ்வொரு பேட்ச்சும் அதே இடங்கள்ல தான் வழுக்குது. லேபிள் ஒட்டு, குப்பியை மாத்தாதன்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடுறேன்.

காத்துல திறந்து வைக்கிறது

இதை நெனச்சா இப்பவும் எரிச்சல் தான். இத்தாலில இருக்குற வெசூவியஸ், ரஷ்யாவோட கம்சட்கால இருக்குற டோல்பாச்சிக் மாதிரி எரிமலைல சூடான வாயு வர்ற வெடிப்புல படியுற சால்கோசயனைட்ங்கிற மினரல்ல தண்ணியே கெடையாது, வெறும் காப்பர் சல்பேட். ஈரக்காத்து பட்டுச்சுன்னா முடிஞ்சது. நமுத்த அப்பளத்தையாச்சும் திரும்ப சுட்டுக்கலாம், இது தண்ணி சேர்ந்த நீல சால்காந்தைட்டா மாறிடும், அப்புறம் சூடு பண்ணி தண்ணிய விரட்டினாலும் கைக்கு வர்றது பவுடர் தான், ஒத்தைப் படிகம் இல்ல.

ஒரு தம்பி குப்பியை ராத்திரி பூரா திறந்து வெச்சுட்டு, காலைல இருக்குறதுலயே நல்லா நீலமா ஒரு துண்டை எடுத்து எக்ஸ்ரே மெஷின்ல மவுண்ட் பண்ணி, டேட்டாவும் எப்படியோ வந்து தொலைச்சு, "அண்ணா, புது ஸ்ட்ரக்சர்ணா, உள்ள தண்ணி இருக்கு"ன்னு ஓடி வந்தான். பாத்தா காப்பரை சுத்தி நாலு தண்ணி, மேலயும் கீழயும் சல்பேட்டோட ஆக்சிஜன், அஞ்சாவது தண்ணி காப்பரைத் தொடாம ஹைட்ரஜன் பாண்ட்ல மட்டும் நிக்குது. டேய், இது வெறும் சால்காந்தைட், இதோட ஸ்ட்ரக்சரை பீவர்ஸும் லிப்சனும் 1934லயே போட்டுட்டாங்கடா! அந்த சாம்பிளுக்காக திரும்ப கம்சட்காவுக்கு யார் போறது?

டெசிகேட்டர்ல (ஈரம் புகாத ஜாடி) இருந்து நேரா ஆயிலுக்குள்ள போடுங்க, அங்கிருந்து குளிர் நைட்ரஜன் ஓட்டத்துக்கு. முழு டேட்டா எடுக்குறதுக்கு முன்னாடி யூனிட் செல்லை, அதாவது படிகத்துல திரும்பத் திரும்ப வர்ற சின்ன பெட்டியைப் பாருங்க. சால்கோசயனைட் ஆர்த்தோராம்பிக் (நேரான பெட்டி), சால்காந்தைட் ட்ரைக்ளினிக் (சாஞ்ச பெட்டி), அதனால மூணு ஆங்கிளும் 90 வரலைன்னா அங்கயே நிறுத்திடுங்க.

கூடுதல் ஆக்சிஜனை கண்டுக்காம விடுறது

டோலரோஃபனைட்னு இன்னொரு எரிமலை மினரல், அதுல ரெண்டு காப்பர், ஒரு சல்பேட், அதோட தனியா ஒரு ஆக்சிஜன். இது சல்ஃபர் பக்கமே போகாது, நாலு காப்பருக்கு நடுவுல டெட்ராஹெட்ரானா (நாலு முக்கோண முகம் இருக்குற வடிவம்) உக்காந்திருக்கும். ஃபெடோடோவைட்ங்கிற மினரல்ல இந்த மாதிரி ரெண்டு டெட்ராஹெட்ரான் ஒரு விளிம்பை பகிர்ந்துக்கிட்டு ஆறு காப்பர் ஒரு கொத்தா நிக்கும். எல்லாரும் காப்பரை நடுவுல வெச்சே படம் போடுறாங்க, அதுல இந்த கொத்து கண்ணுக்கே தெரியாது. ஒரு தடவை ஆக்சிஜனை நடுவுல வெச்சு வரைங்க.

நீள பாண்டை வெட்டுறது

ஜான்-டெல்லர்னு காப்பரைச் சுத்தி இருக்குற பாண்டுகளை சமமில்லாம இழுக்குற விளைவு ஒண்ணு இருக்கு, அதால நாலு ஆக்சிஜன் 2 ஆங்ஸ்ட்ராம் கிட்ட வரும், மிச்சம் 2.3, 2.5ன்னு தள்ளி நிக்கும். சாஃப்ட்வேர் கோடு போடலன்னா பாண்ட் இல்லன்னு முடிவு பண்ணாதீங்க.

அப்சார்ப்ஷன் கரெக்‌ஷன்

படிகமே எக்ஸ்ரேயை கொஞ்சம் உறிஞ்சிக்கும், அதுக்கான திருத்தம் இது. போடுங்க.