பிறவி வளர்சிதைமாற்றக் கோளாறும் மரபணுச் சோதனையும்: மாடு வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோல்ஸ்டீன் பிரீசியன் இனத்தில் காணப்படும் சிட்ருலினீமியா கோளாறோடு பிறக்கும் கன்று, முதல் நாளில் சீம்பால் குடித்து நலமாகவே இருக்கும். உடலில் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் நொதிகளுள் ஒன்று அதற்கு இல்லாததால், அம்மோனியா இரத்தத்தில் சேர்ந்து மூளையைத் தாக்குகிறது. அடுத்த சில நாட்களில் கன்று சோர்ந்து, இலக்கின்றிச் சுற்றி, சுவரில் தலையை அழுத்தியபடி நின்று, பார்வை மங்கி, வலிப்பு கண்டு, ஒரு வாரத்துக்குள் இறந்துவிடும். இதைத் தொற்று என்றே முடிவுசெய்து, மாதிரி எடுக்காமல் புதைத்துவிடுவது பெருந்தவறு. கால்நடை மருத்துவரிடம் சொல்லிக் காது மடலில் சிறு துண்டு எடுத்து வைத்தால், காரணத்தைப் பின்னர் உறுதி செய்துகொள்ளலாம்.

தாய், தந்தை இரண்டிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் கன்றுக்கு நோய் வரும். ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் மாடு நலமாக வாழ்ந்து நன்றாகவே கறக்கும். ஆகவே தோற்றத்தை நம்பிச் சோதனையைத் தவிர்ப்பதும் தவறு. சோதனையில் தெரிந்தவுடன் அந்தப் பசுவை விற்றுவிடுவதும் தவறு. பழுதற்ற காளையின் சினை ஊசி போட்டால் அதன் கன்றுகளில் ஒன்றுகூட இந்நோயால் சாகாது. ஆனால் ஏறத்தாழ பாதிக் கன்றுகள் பழுதைச் சுமக்கும் என்பதால், அவற்றையும் சோதித்தே இனவிருத்திக்கு விட வேண்டும். கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் பொலிகாளைதான். லின்மேக் கிரிஸ் கிங் என்ற ஒரே அமெரிக்கக் காளையின் வழியாகவே ஆஸ்திரேலிய மந்தைகளில் இக்கோளாறு பரவியது.

மாதிரி எடுப்பதிலும் பிழை நேர்வதுண்டு. இரட்டைக் கன்றுகளின் இரத்த ஓட்டம் கருப்பையிலேயே பெரும்பாலும் கலந்துவிடுவதால், ஒன்றின் இரத்தத்தில் மற்றதன் மரபணுவும் தென்பட்டு முடிவைத் திரித்துவிடும். அவற்றுக்கு வேரோடு பிடுங்கிய வால்மயிரே ஏற்றது; கத்தரித்த மயிர் பயன்படாது.

அறிக்கையைப் படிப்பதில் நேரும் தவறுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. 2015இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்ட ஹோல்ஸ்டீன் கொலஸ்ட்ரால் குறைபாடு என்ற மற்றொரு பிறவிக் கோளாறில், தீராத கழிச்சலால் கன்றுகள் மெலிந்து சாகின்றன. தொடக்கத்தில் இதை ஹாப்ளோடைப் வழியாக, அதாவது பழுதைச் சுற்றியுள்ள மரபணுக் குறிகளைக் கொண்டே கணித்தார்கள். அதே குறிகள் பழுதற்ற மூதாதையிடமிருந்தும் வந்திருக்கக்கூடும் என்பதால், நல்ல காளைகளும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தன. அடுத்த ஆண்டு பழுது இருக்கும் இடமே தெரியவந்து, நேரடிச் சோதனை சாத்தியமாயிற்று. எனவே ஹாப்ளோடைப் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாட்டைக் கழிப்பதோ ஏற்பதோ கூடாது.

‘சோதித்த காளை’ என்ற சொல்லோடு நிறைவடைவதும் போதாது. எந்தெந்தக் கோளாறுகளுக்குச் சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும். ஒன்றில் பழுதில்லை என்பது மற்றவற்றுக்கு உறுதியாகாது. சினை ஊசி போடும்போது விந்துக்குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைத் தேதியோடு குறித்துவைத்தால், அதே காளையை அதன் மகளுக்கே போட்டுவிடாமல் தவிர்க்கலாம். கன்று இறந்தால் எந்தக் காளை என்று விந்து வழங்கிய நிலையத்துக்குத் தெரிவிக்கவும் அந்த எண்தான் வேண்டும்.