விளைச்சல் பெருகியும் பசி தீராதது ஏன்? வேளாண் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எத்தியோப்பியாவில் 2001-ஆம் ஆண்டு மக்காச்சோளம் அமோகமாக விளைந்தது. வீரிய விதையையும் உரத்தையும் கடனாக வாங்கிப் பயிரிட்ட உழவர்கள் களத்தை நிரப்பினார்கள். ஆனால் வாங்கிச் சேமிக்கப் போதிய கிடங்குகளும், பற்றாக்குறைப் பகுதிகளுக்குக் கொண்டுசெல்ல நல்ல சாலைகளும், விலை சரியும்போது தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடும் இல்லாததால், 2002-இன் தொடக்கத்தில் அறுவடைக் கூலிக்குக்கூடக் கட்டாத அளவுக்கு விலை வீழ்ந்தது. கடனில் சிக்கியவர்கள் அடுத்த பருவத்தில் உரத்தைக் குறைத்தார்கள். அதே ஆண்டு மழையும் பொய்த்தது. 2003-இல் 1.3 கோடிக்கும் மேற்பட்டோர் உணவு உதவியை நம்பி நிற்க வேண்டியதாயிற்று.

விளைச்சல் கூடினால் பசி தானாகக் குறைந்துவிடும் என்று எண்ணுவது இத்துறையின் மிகப் பழைய தவறு. 1996-இல் ரோமில் கூடிய உலக உணவு மாநாடு, போதுமான, பாதுகாப்பான, சத்துள்ள உணவு எல்லோருக்கும் எல்லாக் காலத்திலும் கைக்கெட்டுவதையும் அதை வாங்கும் வசதி அவர்களுக்கு இருப்பதையுமே உணவுப் பாதுகாப்பு என்று வரையறுத்தது. அந்த வரையறையில் மகசூல் என்ற சொல்லே இல்லை. ஆனாலும் திட்ட அறிக்கைகள் இன்றும் ஹெக்டேருக்கு எத்தனை டன் என்பதோடு நின்றுவிடுகின்றன.

இரண்டாவது தவறு, அறுவடையோடு வேலை முடிந்ததாகக் கருதுவது. நான் மிகுந்த கவலையோடு பார்ப்பது இதைத்தான், ஏனெனில் இங்கே ஏற்படும் இழப்பு எடையில் மட்டும் தெரிவதில்லை. மக்காச்சோளத்தை ஏறத்தாழ 13 விழுக்காடு ஈரப்பதத்துக்கு உலர்த்தாமல் மூட்டை கட்டினால், ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். சமைத்தாலும் அது போகாது. 2004-இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளத்தை உண்டு 317 பேர் பாதிக்கப்பட்டதில் 125 பேர் இறந்தார்கள்.

ஈரமானி வாங்க இயலாத இடத்தில் உப்பே போதும். நன்கு உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியத்தைப் போட்டு, இரண்டு மூன்று கரண்டி உலர்ந்த உப்பைச் சேர்த்து, மூடி, ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும். கண்ணாடியின் உட்புறத்தில் உப்பு ஒட்டியிருந்தால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். ஒட்டாவிட்டாலும் ஈரம் 13 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது என்று சொல்ல முடியாது, எனவே உடனே மூட்டை கட்டிவிடாமல் மேலும் வெயிலில் உலர்த்துவது நல்லது. இரண்டு பாலித்தீன் உறைகளும் வெளியே ஒரு நெய்த சாக்கும் கொண்ட காற்றுப்புகாப் பைகளில், வண்டுகள் உள்ளிருக்கும் உயிர்வளியைத் தீர்த்துவிட்டு மருந்தின்றியே மடிகின்றன. ஆனால் ஈரமான தானியத்தை அதில் அடைத்தால் அந்தப் பையே பூஞ்சைக்கு வசதியாகிவிடும்.

விதைத் தேர்விலும் அறுவடைக்குப் பிந்தைய இந்தக் கணக்கு விட்டுப்போவதுண்டு. மலாவியில் அதிக மகசூல் தரும் மென்மையான மணியுள்ள கலப்பின மக்காச்சோளத்தைப் பெரும்பாலான சிறு உழவர்கள் ஏற்கவில்லை. அவர்களை அறியாதவர்கள் என்று சொல்வது எளிது. உண்மையில் அந்த மணி உரலில் குத்தும்போது மாவை வீணாக்கியது, குதிரில் வண்டுக்கு இரையாகியது. 1990-இல் ஓரளவு கடினமான மணியுள்ள எம்எச்17, எம்எச்18 என்ற கலப்பினங்கள் வெளிவந்த பிறகே அவர்களுடைய பார்வை மாறத் தொடங்கியது.

உரத்தைப் பொறுத்தவரை, கூடுதலாகக் கொட்டுவதும் ஒரேயடியாக நிறுத்துவதும் ஒரே அலட்சியத்தின் இரு பக்கங்கள். மண்ணின் கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்குகிறது, மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணிலேயே கட்டுண்டு கிடக்கிறது. முதலில் சுண்ணாம்பு இடாமல் அங்கே உர மானியம் கொடுப்பதில் பயன் குறைவு. நெல் வயலில் நீரின்மேல் தூவும் யூரியாவில் பெரும்பகுதி காற்றிலும் நீரிலும் போய்விடுகிறது. வங்கதேச உழவர்கள் அதை உருண்டையாக்கி, நான்கு நாற்றுக் குத்துகளுக்கு நடுவே ஓர் உருண்டை வீதம் 7 முதல் 10 செ.மீ. ஆழத்தில் அழுத்திவைத்து, குறைந்த யூரியாவில் கூடுதல் மகசூல் எடுக்கிறார்கள். மறுபக்கம், 2021-இல் இலங்கை எந்த முன்னேற்பாடும் இன்றி வேதியுர இறக்குமதியைத் தடைசெய்து, நெல்லும் தேயிலையும் அடிபட, சில மாதங்களிலேயே பின்வாங்கியது.

பூச்சிமருந்தைக் காப்பீடு போல முன்கூட்டியே அடிப்பதும் அத்தகைய தவறுதான். இந்தோனேசியாவில் மானிய விலையில் கிடைத்த மருந்துகள் சிலந்திகளையும் நாவாய்ப்பூச்சிகளையும் கொன்றதால், அவை தின்றுகொண்டிருந்த புகையான் என்ற நெற்பயிர்ப் பூச்சி பெருகியது. 1986-இல் நெல்லுக்கு 57 மருந்துகள் தடைசெய்யப்பட்டன, பிறகு மானியமும் நிறுத்தப்பட்டது, விளைச்சல் குறையவில்லை.

கடைசியாக, யாரிடம் பேசுகிறோம் என்பது. நிலப் பட்டா ஆண்கள் பெயரில் இருப்பதால் கடனும் பயிற்சியும் அவர்களுக்கே போகின்றன. விதை, உரம், கடன் போன்றவை பெண்களுக்கும் சமமாகக் கிடைத்தால் அவர்களுடைய வயல்களில் மகசூல் 20 முதல் 30 விழுக்காடு வரை உயரலாம் என்று ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு 2011-இல் மதிப்பிட்டது. பல ஊர்களில் தானியத்தை உலர்த்துவதும் குதிரில் கொட்டுவதும் பெண்களே. அவர்கள் தண்ணீருக்கோ விறகுக்கோ போயிருக்கும் நேரத்தில் ஆண்களைக் கூட்டி அந்த உப்புச் சோதனையைச் செய்துகாட்டினால், பதிவேட்டில் பயிற்சி நடந்ததாக ஏறும். குதிருக்குள் போவது அதே ஈர மக்காச்சோளமாகத்தான் இருக்கும்.