பைசா செலவில்லாமல் முதல் ஆர்.பி.ஜி. ஆட்டம்: புதிய கேம் மாஸ்டருக்கு ஒரு செய்முறை

டேபிள்டாப் ஆர்.பி.ஜி. (ரோல் பிளேயிங் கேம், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் கதை ஆட்டம்) நடத்திப் பார்க்க ஆசை வந்ததும் பலரும் முதலில் ஆன்லைன் கடையில் பகடை செட் தேடுவார்கள். அப்புறம் விதிப் புத்தகம், அப்புறம் குட்டிப் பொம்மைகள். கடைசியில் மொத்த விலையைப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் பார்க்கலாம்". நானும் இப்படியே ஒரு வருடத்தை ஓட்டியவன்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் உட்கார்ந்தோம். அன்றைக்கு ஆன செலவு டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் மட்டுமே.

இந்த ஆட்டத்துக்கே புதியவர் என்றால்: ஒருவர் கதைசொல்லி, அவர்தான் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "முன்னால் ஒரு கல்கதவு, அதன் கீழே ஈரம் கசிகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார், இவர்கள் சொல்வார்கள். முடிவு சந்தேகமாக இருக்கும் இடத்தில் மட்டும் பகடை பேசும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வெளிவந்த நாளிலிருந்து அடிப்படை இதுதான்.

1. விதிகள்

முதல் ஆட்டத்துக்கு நான் சொல்வது கேர்ன். யோகாய் கேல் எழுதியது, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அதன் இணையதளத்திலேயே முழுதாக இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பதிப்பே போதும். சின்னக் கையேடு, ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம்.

எல்லோருக்கும் பெயர் தெரிந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைத்தான் ஆட வேண்டும் என்று நண்பர்கள் அடம்பிடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. அதன் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸுக்கு வந்துவிட்டது, பி.டி.எஃப். இலவசம். ஆனால் அது நூற்றுக்கணக்கான பக்கம். முதல்முறை நடத்துகிறவர் பாதி நேரம் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பார், எதிரில் இருப்பவர்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

கேர்னில் ஒரு பாத்திரம் உருவாக்கக் கால் மணி நேரம் போதும். பலம், சுறுசுறுப்பு, மனஉறுதி என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றுக்கும் 3டி6, அதாவது ஆறு முகப் பகடையை மூன்று முறை உருட்டிக் கூட்ட வேண்டும். பிடித்தால் இரண்டு எண்களை இடம் மாற்றிக்கொள்ளலாம். எச்.பி.க்கு, அதாவது அடி தாங்கும் அளவுக்கு, ஒரே ஒரு டி6. பையிலும் உடம்பிலுமாகச் சாமான் வைக்க 10 இடம் உண்டு. பத்தையும் நிரப்பினால் எச்.பி. பூஜ்யம் ஆகிவிடும், சுமையில் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்குகிற ஒரு நண்பர் எல்லாக் குழுவிலும் இருப்பார். இந்த விதி அவருக்காகவே எழுதியது போலிருக்கும்.

சண்டை எப்படி என்று ஒரு தடவை உருட்டிக் காட்டிவிடுகிறேன். வீரரிடம் வாள், அதற்கு டி8, அதாவது எட்டு முகப் பகடை. எதிரே ஒரு குட்டிப்பூதம்: எச்.பி. 4, பலம் 8, கவசம் கிடையாது. கேர்னில் அடி பட்டதா இல்லையா என்று தனியாக உருட்டுவதே இல்லை, அடித்தால் பட்டதுதான். வாளுக்கு 6 விழுகிறது. அதில் 4 எச்.பி.யைத் தின்றுவிட, மிச்சம் 2 பலத்தில் இறங்குகிறது. பலம் இப்போது 6. பூதம் தாக்குப்பிடிக்க இருபது முகப் பகடையில் 6 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். 13 விழுந்தது. பூதம் காலி. இதே நிலைமை வீரருக்கு வந்தால் அவர் தவழ மட்டுமே முடியும், ஒரு மணி நேரத்துக்குள் யாராவது கட்டுப் போடாவிட்டால் மரணம். அந்த ஒரு மணி நேரம் என்பது கதைக்குள் ஓடும் நேரம், பயப்பட வேண்டாம்.

எதிரிகள் எல்லோரும் கடைசிவரை நின்று சண்டை போட மாட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். கூட்டத்தில் முதல் ஆள் விழுந்ததும் மனஉறுதிக்கு உருட்ட வேண்டும், தவறினால் ஓட்டம்தான். புதியவர்கள் மறக்கிற விதி இது. மறந்தால் சண்டை ஜவ்வாக இழுக்கும்.

2. பகடை

ஆறு முகத்துக்கு வீட்டு லூடோ பெட்டியில் இருப்பதே போதும். மற்றதற்குக் கூகுள் தேடலில் ஆங்கிலத்தில் 'ரோல் டைஸ்' என்று அடித்தால் டி4 முதல் டி20 வரை திரையிலேயே உருளும். எந்த ஆப்பும் தேவையில்லை.

போனைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்தால் 1 முதல் 20 வரை எழுதிய துண்டுச் சீட்டுகளை ஒரு டம்ளரில் போட்டு எடுங்கள். சிரிக்க வேண்டாம். 1979-ல் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெட்டியிலேயே பகடைக்குப் பதில் எண் அச்சிட்ட அட்டைச் சீட்டுகளை வைத்துத்தான் விற்றார்கள். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

3. வரைபடம்

வாட்டபூ என்ற பெயரில் ஒரு படைப்பாளி இலவசக் கருவிகள் பல செய்து வைத்திருக்கிறார். அதில் 'ஒன் பேஜ் டன்ஜன்' உலாவியில் திறந்ததும் ஒரு பாதாள அறைத்தொகுதியை வரைந்து தரும், கூடவே பெயரும் ஒவ்வொரு அறையிலும் என்ன இருக்கிறது என்ற குறிப்பும். பிடிக்கவில்லையா, இன்னொன்று கேளுங்கள். கணினியில் வலது கிளிக் செய்தால் மெனு வரும், படமாகச் சேமிக்கலாம்.

இங்கே இரண்டு தடவை சேமியுங்கள். குறிப்புகளோடு ஒன்று உங்களுக்கு, குறிப்புகளை மறைத்துவிட்டு ஒன்று மற்றவர்களுக்கு. நான் என் பிரதியையே எல்லோருக்கும் காட்டிவிட்டேன். கடைசி அறையில் என்ன பதுங்கியிருக்கிறது என்பதை ஒருவர் சத்தமாகப் படித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

கிடைத்த வரைபடத்தில் பன்னிரண்டு அறை இருந்தால் பன்னிரண்டையும் ஆட வேண்டியதில்லை. நான்கு அறை வைத்துக்கொண்டு மீதியை இடிபாடு என்று அடைத்துவிடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு அதுவே அதிகம்.

எல்லோரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து ஆடுவதானால் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் வரைந்தால் போதும், அடுத்த படியைத் தாண்டிவிடுங்கள். பொம்மைக்குப் பதில் புளியங்கொட்டை, பொத்தான், கேரம் காய் எதுவும் சரி.

4. ஆளுக்கொரு ஊரில் இருந்தால்

குரலுக்கு டிஸ்கார்ட், அல்லது நீங்கள் ஏற்கெனவே பேசுகிற எந்த வீடியோ காலும். வரைபடத்துக்கு அவுல்பேர் ரோடியோ என்ற இணையதளம். இதில் கேம் மாஸ்டருக்கு மட்டும் ஒரு இலவசக் கணக்கு இருந்தால் போதும், மற்றவர்கள் நீங்கள் அனுப்பும் இணைப்பைத் தட்டி நேராக உள்ளே வந்துவிடலாம். "பாஸ்வேர்டு மறந்துட்டேன் மச்சான்" என்ற அரை மணி நேரம் இதில் மிச்சம்.

ஒரு ரூம் திறந்து, புதுக் காட்சி உருவாக்கி, குறிப்பு மறைத்த படத்தை ஏற்றுங்கள். திரையில் தெரியும் கட்டமும் படத்தில் உள்ள கட்டமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகிறதா என்று ஒரு மூலையில் பெரிதாக்கிப் பாருங்கள். கொஞ்சம் விலகியிருந்தால் இங்கே தெரியாது, எதிர்மூலைக்குப் போகும்போது ஆள் சுவருக்குள் நிற்பார். பிறகு மூடுபனிக் கருவியை எடுத்துக் காட்சி முழுவதையும் மூடிவிட்டு, நுழைவு அறையை மட்டும் வெட்டித் திறந்து வையுங்கள். குழு போகப்போக ஒவ்வொரு அறையாகத் திறக்க வேண்டும்.

ஆட்டத்துக்கு முந்தைய இரவே அந்த இணைப்பை இன்னொரு உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்த்துவிடுங்கள். மூடுபனி உங்கள் கண்ணுக்கு லேசாகத் தெரியும், ஆடுபவர்களுக்கு முழுக் கறுப்பாகத் தெரிய வேண்டும். அதை அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் நிச்சயம்.

போன் மட்டும் வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார். சின்னத் திரையில் வரைபடத்தை நகர்த்துவது கஷ்டம். அவர் குரலில் மட்டும் இருக்கட்டும், அறை திறக்கும்போதெல்லாம் ஒரு ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் போடுங்கள். பாத்திரத் தாளும் அப்படித்தான்: காகிதத்தில் எழுதிப் போட்டோ எடுத்து குழுவில் போட்டுவிட்டால் யாருடைய எச்.பி. எவ்வளவு என்ற தகராறு வராது.

பின்னணி இசை வேண்டுமென்றால் டேபிள்டாப் ஆடியோ தளத்தில் காடு, குகை, மதுக்கடை என்று பத்து பத்து நிமிடச் சத்தங்கள் இலவசமாக இருக்கின்றன. முதல் நாள் வேண்டாம். பகடை, மூடுபனி, ஐந்து பேர் பேச்சு, இதற்கு நடுவில் குகையில் சொட்டும் தண்ணீரையும் உங்களால் கவனிக்க முடியாது.

5. எப்போது காசு கொடுக்கலாம்?

நான்கைந்து ஆட்டம் முடிந்து, அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்றால் யோசிக்கலாம். அப்போதும் முதலில் ரோல்20 இலவசக் கணக்கைப் பாருங்கள். பாத்திரத் தாள், பகடை, வரைபடம், அரட்டை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். விளம்பரம் வரும், சேமிப்பிடம் குறைவு, தீப்பந்தம் எட்டும் தூரம்வரை மட்டும் வெளிச்சம் காட்டும் வசதிக்குச் சந்தா கட்ட வேண்டும். எனக்கு அதன் திரை எப்போதும் சாமான் ரூம் மாதிரியே தோன்றும். ஆனால் பழகியவர்கள் அதை விட்டுக் கொடுப்பதில்லை.

மாதச் சந்தா பிடிக்காதவர்களுக்கு ஃபவுண்ட்ரி என்ற இதே வகை மென்பொருள் இருக்கிறது. ஒரே தடவை 50 டாலரும் வரியும், அதையும் கேம் மாஸ்டர் ஒருவர் வாங்கினால் போதும். குழுவில் ஐந்து பேர் பங்கு போட்டால் ஒரு சினிமாவும் இடைவேளைப் பாப்கார்னும் ஆகிற காசுதான் வரும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அது உங்கள் கணினியிலேயே ஓடும், மற்றவர்கள் வெளியிலிருந்து அதற்குள் வர வேண்டும். நம் வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றில் பொது ஐ.பி. முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தனியாகக் கிடைப்பதில்லை, பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன. அப்படியானால் ரவுட்டரில் அமைப்பை மாற்றினாலும் நண்பர்களால் பெரும்பாலும் நேராக நுழைய முடியாது. வாங்குவதற்கு முன்னால் இதைச் சோதிக்க ஒரு வழி: ரவுட்டர் பக்கத்தில் காட்டும் வெளி ஐ.பி.யையும், 'என் ஐ.பி. என்ன' என்று தேடினால் வருவதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் இணைப்பு கொடுத்தவரிடம் பொது ஐ.பி.க்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அந்தத் தொகையையும் 50 டாலரோடு கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.