சனிக்கிழமைக் கூலியும் க்னூகேஷும்: முதல் முறை எழுதுபவர்களுக்கு

அவிநாசியில் என் மாமா பத்து பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிறார். எல்லாம் ஜாப் ஒர்க், அதாவது பார்ட்டிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. பீஸ் கணக்கு சுத்தமாக இருக்கும், டைலர்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ் மட்டும் எப்போதும் உதைக்கும். போன தீபாவளிக்கு முன்னால் ஒரே அட்வான்ஸை இரண்டு வாரம் பிடித்துவிட்டு, ஒரு அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம்தான் "மாப்ள, கம்ப்யூட்டர்ல ஏதோ இருக்குதுன்னு சொன்னீங்களே, அதைப் போட்டுக் குடுங்க" என்று கூப்பிட்டார்.

நான் போட்டுக் கொடுத்தது க்னூகேஷ். 1998 முதல் இருக்கும், கணக்கு எழுதுவதற்கான கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கணக்கு எழுத இன்டர்நெட்டும் வேண்டாம்.

முதலில் ஃபைல் மெனுவில் புதிய கோப்பு திறங்கள். நாணயம் கேட்கும்போது ஐஎன்ஆர் (இந்திய ரூபாய்), கணக்கு வகை கேட்கும்போது 'பிசினஸ் அக்கவுண்ட்ஸ்'. மற்ற டிக்குகளை எடுத்துவிடலாம். கையிருப்பு, பேங்க் இருப்பு இரண்டையும் ஆரம்ப இருப்பாகப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது அட்வான்ஸ். இதைச் செலவில் எழுதுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அது இன்னும் நம் காசுதான், டைலர் கையில் இருக்கிறது, அவ்வளவே. அதனால் 'அசெட்ஸ்' (சொத்து) கணக்கின்மேல் வலது கிளிக் செய்து 'நியூ அக்கவுண்ட்' எடுத்து, 'அட்வான்ஸ்' என்று ஒன்று திறங்கள். அதற்குக் கீழே ஆளுக்கு ஒரு கணக்கு. பெயரைத் தமிழிலேயே அடிக்கலாம்.

இப்போது சனிக்கிழமை. ஒருவருக்கு வாரக் கூலி 4,200. அதில் அட்வான்ஸுக்கு 500 பிடித்து, கையில் 3,700 கொடுக்கிறீர்கள். 'கேஷ்' கணக்கைத் திறந்து மேலே இருக்கும் 'ஸ்ப்ளிட்' பொத்தானை அழுத்துங்கள். மூன்று வரி எழுத வேண்டும். கூலிச் செலவு 4,200 இடது பத்தியில், அவருடைய அட்வான்ஸ் 500 வலது பத்தியில், கேஷ் 3,700 அதுவும் வலது பத்தியில். இரண்டு பக்கமும் 4,200 வந்தால் சரி. மாமா முதல் வாரம் 3,700ஐ 3,300 என்று தட்டிவிட்டார். மிச்சம் 400 'இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர்' என்ற கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கணக்கில் ஏதாவது நின்றால் எங்கோ தப்பு என்று அர்த்தம், தேடிப்பிடித்துத் திருத்திவிடுங்கள். யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் நிற்கிறது என்பது இனி முகப்பிலேயே தெரியும்.

பார்ட்டிக்குப் பில் போட 'பிசினஸ்' மெனு. எழுதிய பில்லை 'போஸ்ட்' செய்ய மறக்காதீர்கள், அதுவரை பாக்கியில் ஏறாது. ஜிஎஸ்டி ரிட்டர்னை இது தாக்கல் செய்யாது, அதற்கு ஆடிட்டர்தான்.

ஒன்று மட்டும். பிரைவேட் லிமிடெட்டாகப் பதிந்திருந்தால் இது உங்களுக்கு ஆகாது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் அணைக்க முடியாதபடி பதிவாக வேண்டும். இதில் எழுதியதைச் சத்தமில்லாமல் அழித்துவிடலாம்.

வேலை முடிந்ததும் கோப்பை ஒரு பென் டிரைவிலும் போட்டுவையுங்கள். அதே ஃபோல்டரில் தேதியும் நேரமும் ஒட்டிய கோப்புகள் நிறையக் கிடக்கும், பயப்பட வேண்டாம், அவை பழைய பிரதிகள். தேதி ஒட்டாத கோப்புதான் உங்கள் கணக்கு.