கட்டுரையில் இயற்பியல் மாறிலிகளை எழுதுவது எப்படி?

எலக்ட்ரானின் நிறை 9.11 × 10⁻³¹ கிலோகிராம் என்று பள்ளியில் படித்திருப்போம். தேர்வில் கணக்குப் போட அது போதும். நாலு பேர் எடுத்தாளப்போகும் கலைக்களஞ்சியக் கட்டுரைக்குப் போதாது. விக்கிப்பீடியா போன்ற தளங்களில் புதிதாக எழுதுகிறவர்களுக்காக இந்தக் குறிப்பு.

படி 1: மதிப்பை எடுங்கள்

வலைப்பதிவிலிருந்தோ பழைய பாடநூலிலிருந்தோ எடுக்காதீர்கள். கோடேட்டா என்னும் பன்னாட்டுக் குழு, பல ஆய்வகங்களின் அளவீடுகளைச் சேர்த்துச் சரிபார்த்து, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பரிந்துரை மதிப்புகளைத் தருகிறது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட்டின் தளத்தில் அவை இலவசமாகக் கிடைக்கும். இங்கே நான் எடுத்துக்கொள்வது 2022 பதிப்பு.

படி 2: வரையறுத்ததா, அளந்ததா?

ஒளியின் வேகம் 1983 முதலே வரையறை: நொடிக்கு 299 792 458 மீட்டர், பிழைக்கு இடமே இல்லை. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி, எலக்ட்ரானின் மின்னூட்டம், போல்ட்ஸ்மன் மாறிலி, அவகாட்ரோ மாறிலி ஆகியவையும் அப்படியே. இவற்றுக்குப் பக்கத்தில் ‘துல்லியமானது’ என்று போட்டுவிடலாம்.

வெற்றிடத்தின் காந்த உட்புகுதிறன் என்னும் மாறிலியோ எதிர்த்திசையில் போனது. 2019 வரை துல்லியமாக இருந்தது, இப்போது அளந்தறியும் எண். பழைய நூலைப் பார்த்து எழுதுபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

படி 3: அடைப்புக்குறியை விடாதீர்கள்

எலக்ட்ரான் நிறை, 2022 பதிப்பில்:

9.1093837139(28) × 10⁻³¹ கிலோகிராம்

அடைப்புக்குள் இருக்கும் 28 நிச்சயமின்மை, அதாவது அளவீடு எவ்வளவு விலகியிருக்கலாம் என்பதன் மதிப்பீடு; அது கடைசி இரண்டு இலக்கங்களுக்கு உரியது. அதாவது ± 0.0000000028 × 10⁻³¹ கிலோகிராம்.

இப்போது ஈர்ப்பு மாறிலியைப் பாருங்கள்: 6.67430(15) × 10⁻¹¹. கடைசிச் சுழியம் சும்மா இருப்பதாக நினைத்து 6.6743(15) என்று எழுதினால், நிச்சயமின்மை 0.00015 என்பது 0.0015 ஆகிவிடும். பத்து மடங்கு! சுழியத்தில் கை வைக்காதீர்கள்.

படி 4: பதிப்பின் ஆண்டைச் சொல்லுங்கள்

2018 பதிப்பில் எலக்ட்ரான் நிறை 9.1093837015(28). மேலே உள்ளதோடு ஒப்பிட்டால் கடைசி இலக்கங்களில் 124 வித்தியாசம். சொல்லப்பட்ட நிச்சயமின்மையான 28-ஐப் போல நான்கு மடங்குக்கும் மேல். இரண்டு கட்டுரைகளில் இரண்டு மதிப்புகள் இருந்தால் எது புதியது என்று வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நிஸ்ட் பக்கமும் புதிய பதிப்பு வந்ததும் எண்ணை மாற்றிவிடும். அதனால் வெறும் இணைப்பு போதாது. மேற்கோள் இப்படி இருக்கட்டும்:

எலக்ட்ரான் நிறை, கோடேட்டா 2022 பரிந்துரை மதிப்பு, நிஸ்ட் இணையதளம், பார்த்த நாள்.

படி 5: எழுத்து வடிவம்

முழு மதிப்பு தகவல் பெட்டியில் மட்டும் போதும். பத்தி நடுவே ‘ஏறத்தாழ 9.109 × 10⁻³¹ கிலோகிராம்’ என்றால் படிக்கச் சுகம்.

நம் வழக்கப்படி 29,97,92,458 என்று காற்புள்ளி போட வேண்டாம். மும்மூன்று இலக்கமாக இடைவெளி விடுவதே அறிவியல் மரபு. அப்புறம், நகலெடுத்து ஒட்டும்போது 10⁻³¹ என்பது சில சமயம் 10-31 என்று தரையிறங்கிவிடும். சேமிக்கும் முன் முன்னோட்டத்தில் அடுக்கெண்ணை ஒருமுறை பாருங்கள், கைபேசித் திரையிலும் சேர்த்து.