எனாமல் புரதமும் பல்வேர்ச் செல்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈறு நோயால் வேரைச் சுற்றி எலும்பு கரைந்துபோன பல்லுக்கு, அறுவை சிகிச்சையின்போது வேர்மேல் ஒரு ஜெல்லைப் பூசுவார்கள். எம்டோகெயின் என்று விற்கும் அந்த ஜெல்லில் இருப்பது, இளம் பன்றிகளின் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பற்களிலிருந்து எடுத்த எனாமல் புரதம். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த லார்ஸ் ஹம்மார்ஸ்ட்ரோம் 1997இல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு அடித்தளம். குரங்குகளின் வேரில் இந்தப் புரதத்தைப் பூசியபோது, வேரோடு இறுகப் பிடித்த புது சிமென்டம் (வேரை மூடியிருக்கும் எலும்பு போன்ற கடின உறை) உருவானதை அவர் காட்டினார்.

இதைப் படித்துவிட்டு, "எனாமல் புரதம் பட்டால் வேர்ச் செல்கள் வளரும்" என்ற ஒற்றை வரியோடு ஆய்வில் இறங்குபவர்கள் நிறைய. பெரும்பாலான தவறுகள் அந்த வரியிலிருந்துதான் தொடங்குகின்றன.

செல் பெருகுவது வேறு, அது முதிர்ந்து கனிமத்தைப் படியவைப்பது வேறு. பல் ஆய்வாளர் மார்த்தா சோமர்மனின் குழு 2000இல், சிமென்டத்தை உருவாக்கும் எலியின் சிமென்டோபிளாஸ்ட் செல்களுக்கு இந்தப் புரதத்தைக் கொடுத்துப் பார்த்தது. செல்கள் அதிகம் பெருகின, ஆனால் கனிம முடிச்சுகள் குறைந்துவிட்டன. பல்லை எலும்போடு பிணைக்கும் நாரின் செல்களில் 1997இல் செய்த சோதனையிலோ பெருக்கமும் கூடியது, கனிம முடிச்சுகளும் கூடின. வாயின் எபிதீலியச் செல்களில் (மேற்பரப்பை மூடும் செல்கள்) பெருக்கம் தடைபட்டதாக இன்னொரு ஆய்வு. ஆக, ஒரே புரதக் கலவைக்கு மூன்று வகைச் செல்கள் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. எபிதீலியம் மெதுவாவது சிகிச்சைக்கு நல்லதுதான். காயம் ஆறும்போது அது முந்திக்கொண்டு வேரோரமாக இறங்கிவிட்டால் புது நார் ஒட்ட இடமிருக்காது. எனவே எந்தச் செல், எத்தனை நாள், எதை அளந்தீர்கள் என்று மூன்றையும் சொல்லாமல் "வளர்ச்சி" என்று எழுதாதீர்கள். செல்கள் சாயத்தை நிறம் மாற்றுவதை அளக்கும் எம்டிடி சோதனையில் நிறம் கூடினால் செல்களின் வளர்சிதை மாற்றம் கூடியிருக்கிறது என்றுதான் நேரடிப் பொருள். எண்ணிக்கையைச் சொல்ல வேண்டுமானால் செல்களை எண்ணியும் பாருங்கள்.

அடுத்து, எல்லாப் பெருமையையும் எனாமல் புரதங்களில் ஒன்றான அமிலோஜெனினுக்கே கொடுத்துவிடுவது. கலவையில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான், சரி. ஆனால் டிஜிஎஃப்-பீட்டா, பிஎம்பி போன்ற வளர்ச்சிக் காரணிகளின் (செல்களுக்கு வளரவும் முதிரவும் கட்டளையிடும் புரதங்கள்) செயல்பாடும் அதே கலவையில் தென்பட்டிருக்கிறது. இவை மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யக்கூடியவை. அமிலோஜெனினைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் தூய அமிலோஜெனினைத் தனியாக வைத்துச் சோதியுங்கள். அது ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தது என்றால் எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய நச்சு கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அமிலோஜெனினுக்கு வேரில் வேலையே இல்லை என்று மறுகோடிக்கும் போகக் கூடாது. அந்த ஜீன் இல்லாத எலிகளில் சிமென்டம் படிப்படியாகச் சிதைவதை 2003இல் காட்டியிருக்கிறார்கள்.

ஆய்வக மேசையில் அடிக்கடி நடப்பது கரைப்பதில் வரும் தவறு. இந்தப் புரதம் குளிரிலும் அமிலத்திலும் கரையும். நடுநிலை பிஎச், உடல் வெப்பம் என்று வந்ததும் திரண்டுவிடும். ஜெல் வேரில் தங்குவதே இந்தக் குணத்தால்தான். ஆனால் புரதப் பொடியை நேராக 37 டிகிரி ஊடகத்தில் (செல்களை வளர்க்கும் திரவம்) போட்டால் குழாயின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். மேலேயுள்ள திரவத்தை எடுத்துச் செல்களுக்குக் கொடுப்பவருக்கு என்ன அளவு போனது என்றே தெரியாது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், குளிரில் கரைத்து, அப்புறம் ஊடகத்தில் கலப்பதுதான் வழக்கமான முறை. புரதம் சேர்க்காத கட்டுப்பாட்டுத் தட்டுக்கும் அதே அளவு அமிலம் போக வேண்டும். அதை விட்டுவிட்டால் அந்தச் சோதனையை நான் நம்பமாட்டேன்.

சோதனைக்கு நார்ச் செல்களை எடுக்கும் இடமும் முக்கியம். பல் சீரமைப்புக்காகப் பிடுங்கிய முன்கடைவாய்ப் பல்லில், வேரின் நடுப்பகுதியை மட்டும் சுரண்டுங்கள். மேலே சுரண்டினால் ஈறுச் செல்கள் கலந்துவிடும், நுனியில் சுரண்டினால் வேறு திசு வரும்.

சிகிச்சைப் பக்கம் வந்தால், ரத்தம் படிந்த வேரில் ஜெல்லைப் பூசுவது பெரிய தவறு. ரத்தப் புரதங்கள் முதலில் இடம்பிடித்துவிடுவதால் எனாமல் புரதம் சரியாக ஒட்டாது. வேரின் மேற்பரப்பைச் சுத்தப்படுத்தும் இடிடிஏ ஜெல்லால் 2 நிமிடம் பதப்படுத்தி, கழுவி, ரத்தம் மீண்டும் படிவதற்குள் பூச வேண்டும். பலனை மிகைப்படுத்திச் சொல்வதும் கூடாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2009 காக்ரேன் மதிப்பாய்வில், ஜெல் இல்லாத அறுவை சிகிச்சையைவிட ஓர் ஆண்டில் கிடைத்த கூடுதல் பிடிப்பு (வேரோடு திசு ஒட்டியிருக்கும் நீளம்) சராசரியாக 1.1 மில்லிமீட்டர். நம்பகமான ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 0.6தான்.

இந்த ஜெல்லின் புரதம் பன்றியிலிருந்து எடுத்தது என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சமய நம்பிக்கையால் மறுப்பவர்களும், சைவ உணவுக்காரர்களும் இருப்பார்கள். ஒப்புதல் படிவத்தில் பொடி எழுத்தில் போட்டுவிட்டால் போதாது. வாயால், அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.